கம்பெனியின் உரிமை, ஏகபோகம், கட்டுப்பாடு தளர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியவை. கம்பெனிக்கு அரசியல் சாசன உரிமை உண்டா, ஏகபோகத்தை உடைக்கலாமா, கட்டுப்பாட்டை எடுத்தால் என்ன ஆகும் என்ற மூன்று சண்டைகளும் அங்கேதான் அதிகமாக நீதிமன்றப் படி ஏறியிருக்கின்றன. தேவைப்பட்ட இடத்தில் பிரிட்டன் வழக்கும் வரும்.

கம்பெனியைச் சட்டம் 'நபர்' என்று சொல்கிறதே, அது எந்த அர்த்தத்தில்?

மனிதன் என்ற அர்த்தத்தில் இல்லை. கம்பெனி தன் பெயரில் சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடுக்கலாம். அதன் மேலும் வழக்குத் தொடுக்கலாம். பங்குதாரர் இறந்தாலும் பங்கை விற்றுவிட்டுப் போனாலும் கம்பெனி அது பாட்டுக்கு இருக்கும். அவ்வளவுதான். இந்த ஏற்பாடு இல்லையென்றால், கம்பெனியிடம் பணம் வரவேண்டியவர் ஆயிரக்கணக்கான பங்குதாரர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும். 'சட்ட நபர்' என்பது கம்பெனிக்குச் சலுகை மட்டும் இல்லை, அதைப் பிடித்து நிறுத்த நமக்குக் கிடைத்த கைப்பிடியும் அதுதான்.

இதோடு பலரும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது வரையறுத்த பொறுப்பு. போட்ட முதலுக்கு மேல் பங்குதாரர் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்பது அது. இரண்டும் ஒன்றல்ல. பிரிட்டனில் கம்பெனியைப் பதிவு செய்துகொள்ளும் சட்டம் 1844-லேயே வந்துவிட்டது. வரையறுத்த பொறுப்பு 1855-ல்தான் கிடைத்தது. இடையில் 11 வருடம் கம்பெனி 'நபராக' இருந்தும், அதன் கடனுக்குப் பங்குதாரர் பொறுப்பாகவே இருந்தார்.

ஒரே ஆள் கையில் இருக்கும் கம்பெனியும் 'வேறு நபர்'தானா?

ஆம். 1896-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்துவைத்த சாலமன் வழக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க இதற்கு அடிப்படை. ஏரன் சாலமன் தோல் பூட்ஸ் செய்து விற்றவர். தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். மொத்தம் 20,007 பங்கு; அதில் 20,001 அவருக்கு. மீதி ஆறும் மனைவி பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. சட்டம் ஏழு பேர் வேண்டும் என்றது, ஏழு பேரைக் காட்டிவிட்டார். தொழிலை விற்ற விலையில் ஒரு பகுதியாக, கம்பெனிச் சொத்தின் மேல் ஈடு வைத்த 10,000 பவுண்டு கடன் பத்திரமும் எடுத்துக்கொண்டார். கம்பெனி மூழ்கியது. ஈடு உள்ள கடனுக்குத்தான் முதல் பங்கு என்பதால், நம்பிக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்களுக்கு மிச்சம் இல்லை.

கீழ் நீதிமன்றங்கள் இதை வெறும் வேஷம் என்றன. மேலே போனபோது, சட்டம் கேட்டதைச் செய்திருக்கிறார், கம்பெனி வேறு சாலமன் வேறு என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி, அதற்கும் கீழே ஒன்று என்று அடுக்கடுக்காகக் கட்டப்படும் எல்லா மாளிகைகளும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன.

அப்படியானால் கம்பெனிக்குப் பின்னால் இருப்பவரைப் பிடிக்கவே முடியாதா?

முடியும், ஆனால் கடினம். கம்பெனிப் பணமும் சொந்தப் பணமும் ஒரே கணக்கில் புரண்டிருக்க வேண்டும். அல்லது கூட்டம், தீர்மானம், கணக்குப் புத்தகம் எதுவும் இல்லாமல் பெயருக்குக் கம்பெனி நடந்திருக்க வேண்டும். அல்லது மோசடிக்காகவே அது தொடங்கப்பட்டிருக்க வேண்டும். முதலீடு போதவில்லை என்ற ஒரே காரணம் பெரும்பாலும் எடுபடாது.

1966-ல் நியூயார்க் மேல் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைப் பாருங்கள். ஒரு டாக்சி முதலாளி பத்துக் கம்பெனிகள் வைத்திருந்தார், ஒவ்வொன்றின் பெயரிலும் இரண்டே வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் சட்டம் கேட்ட குறைந்தபட்சக் காப்பீடு 10,000 டாலர், அதற்கு மேல் ஒரு டாலர் இல்லை. வண்டி மோதி அடிபட்டவர் முதலாளியையே பொறுப்பாக்கக் கேட்டார். தொழிலைச் சிறு துண்டுகளாக வெட்டி வைப்பது குற்றமில்லை, காப்பீடு போதாதென்றால் சட்டமன்றம்தான் தொகையைக் கூட்ட வேண்டும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

நாடு கடந்த கம்பெனி என்றால் சுவர் இன்னும் தடிமன். போபால் ஆலையை நடத்திய இந்தியக் கம்பெனியில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடுக்கு 50.9 சதவீதப் பங்கு. அப்படியும் 1986-ல் அமெரிக்க நீதிமன்றம் வழக்கை இந்தியாவுக்கே திருப்பியது. 1989-ல் 47 கோடி டாலரில் சமரசம் முடிந்தது.

கம்பெனிக்கு அரசியல் சாசன உரிமை எப்படி வந்தது?

கொஞ்சம் விசித்திரமாகத்தான் வந்தது. 1886-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்துக்கும் சதர்ன் பசிஃபிக் ரயில்வேக்கும் வேலிக்கு வரி போடுவது பற்றி ஒரு வழக்கு. உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலையான அடிமைகளைக் காக்க எழுதப்பட்ட 14-வது திருத்தம் 'எந்த நபருக்கும்' சமமான சட்டப் பாதுகாப்பை உறுதி செய்கிறது. அது கம்பெனிக்கும் பொருந்தும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, அதைப் பற்றி வாதம் வேண்டாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வெய்ட் விசாரணைக்கு முன்பே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். தீர்ப்பில் அந்த வரி இல்லை; தீர்ப்பு வேறு காரணத்தில் முடிந்தது. ஆனால் தீர்ப்புகளைத் தொகுத்த நீதிமன்றப் பதிவாளர் அதைத் தலைப்புக் குறிப்பில் சேர்த்தார். தலைப்புக் குறிப்புக்குச் சட்ட பலம் கிடையாது. இருந்தும் பின்னால் வந்த தீர்ப்புகள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டன.

அதற்காக எல்லா உரிமையும் கிடைத்துவிடவில்லை. 1906-ல் வந்த தீர்ப்பின்படி, காரணமில்லாத சோதனையிலிருந்து கம்பெனிக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மாட்டேன் என்ற உரிமை கிடையாது. ஆவணத்தைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கார்ட்டெல், அதாவது போட்டியாளர்கள் விலையைப் பேசிவைத்துக்கொள்ளும் கூட்டு, பற்றிய விசாரணைகள் ஓடுவதே இந்த ஒரு விலக்கினால்தான். 2011-ல் ஏடி அண்ட் டி தொலைபேசிக் கம்பெனி, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் தனக்கும் 'தனிப்பட்ட அந்தரங்கம்' உண்டு என்று வாதாடித் தோற்றது. தீர்ப்பின் கடைசி வரியில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இதை ஏடி அண்ட் டி தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாது என நம்புகிறோம் என்று ஒரு குத்தும் வைத்தார்.

2010-ன் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு கம்பெனியை மனிதனாக்கிவிட்டதா?

இல்லை. கட்சியோடும் வேட்பாளரோடும் கலந்து பேசாமல், தேர்தல் பிரச்சாரத்துக்குக் கம்பெனி தானாகச் செய்யும் செலவைத் தடுக்க முடியாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. வேட்பாளருக்கு நேராகப் பணம் கொடுப்பதற்கு 1907-ல் போட்ட தடை அப்படியே இருக்கிறது. தீர்ப்பின் அடிப்படை, பேசுவது யாராக இருந்தாலும் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு என்பது. "கம்பெனி நபரில்லை" என்று ஒரு வரியைச் சாசனத்தில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்போர் ஒன்றை யோசிக்க வேண்டும்: பெரிய பத்திரிகைகள் எல்லாமும் கம்பெனிகள்தான். எங்கள் பார்வையில் அந்தத் தீர்ப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. இயக்குநர்கள் செலவழிப்பது பங்குதாரரின் பணம்; அவர்களைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை எதையும் அது வைக்கவில்லை.

ஏகபோகமாக இருப்பதே சட்டவிரோதமா?

இல்லை. 1890-ன் ஷெர்மன் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். முதல் பிரிவு, போட்டியாளர்கள் கூடிப் பேசிக்கொள்வதைத் தடுக்கிறது. இரண்டாவது, ஒரே கம்பெனி ஏகபோகத்தைப் பிடிப்பதையோ காத்துக்கொள்வதையோ தடுக்கிறது. நல்ல சரக்கை நியாயமாக விற்று மற்றவரை முந்தினால் தப்பில்லை. அடுத்தவர் வழியை அடைத்திருந்தால்தான் தப்பு.

எவ்வளவு பங்கு இருந்தால் ஏகபோகம்? 1945-ல் அல்கோவா அலுமினிய வழக்கில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் சொன்னது இன்றும் கைக்கணக்காக ஓடுகிறது: 90 சதவீதம் போதும், 60 அல்லது 64 சந்தேகம், 33 நிச்சயமாக இல்லை.

'சந்தை' எது என்பதில் ஏன் இவ்வளவு வாதம்?

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான். 1956-ல் டூபான்ட் வழக்கு. நாட்டில் விற்ற செல்லோஃபேன் என்ற கண்ணாடித் தாளில் சுமார் 75 சதவீதம் அந்தக் கம்பெனியுடையது. ஆனால் சந்தை என்பது செல்லோஃபேன் மட்டுமில்லை. மெழுகுத் தாள், அலுமினியத் தாள் என மடித்துச் சுற்றும் எல்லாப் பொருளும் ஒரே சந்தை என்று அது வாதாடியது. அப்படிப் பார்த்தால் செல்லோஃபேனின் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, கம்பெனி தப்பியது.

இன்று அதிகாரிகள் வைக்கும் சோதனை எளிது. இந்தப் பொருளை விற்பவர் எல்லாரும் ஒரே முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விலையை 5 சதவீதம் ஏற்றி ஒரு வருடம் வைத்திருந்தால் லாபம் வருமா? வரும் என்றால் அதுதான் சந்தை. வாங்குபவர்கள் வேறொன்றுக்குத் தாவி நஷ்டம் வந்தால், அந்த வேறொன்றையும் சேர்த்துக்கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. எந்த விலையிலிருந்து 5 சதவீதம்? ஏகபோகக்காரர் ஏற்கெனவே தாங்கும் மட்டும் விலையை ஏற்றி வைத்திருந்தால், இன்னும் 5 சதவீதம் ஏற்றினதும் ஆட்கள் ஓடத்தான் செய்வார்கள். அதைப் பார்த்து "மாற்றுப் பொருள் நிறைய இருக்கிறது" என்று முடிவு செய்தால் தப்பு. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு 'செல்லோஃபேன் பிழை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு கம்பெனி இணைவது ஆபத்தா என்று நாமே கணக்குப் போடலாமா?

முதல் கட்டக் கணக்கைப் போடலாம். அதற்குப் பெயர் ஹெர்ஃபின்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு. ஒவ்வொரு கம்பெனியின் சந்தைப் பங்கையும் அதாலேயே பெருக்கிக் கூட்டுங்கள். ஐந்து கம்பெனிகளுக்கு 30, 25, 20, 15, 10 சதவீதம் என்றால், 900 + 625 + 400 + 225 + 100 = 2,250. கடைசி இரண்டும் இணைந்தால் கூடுவது அவற்றின் பங்கைப் பெருக்கி இரட்டித்த எண்: 2 × 15 × 10 = 300. புதிய குறியீடு 2,550.

அமெரிக்க அதிகாரிகளின் 2023 வழிகாட்டுதல்படி, இணைந்த பின் 1,800-க்கு மேல் போய், கூடுதல் 100-ஐத் தாண்டினால், அந்த இணைப்பு போட்டியைக் கெடுக்கும் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது கம்பெனியின் வேலை. 2010 வழிகாட்டுதலில் இதே கோடு 2,500-ல் இருந்தது. சட்டம் மாறவில்லை, கோடு மட்டும் இறங்கியது.

எல்லாரும் ஒரே நாளில் விலையை ஏற்றினால் அது கார்ட்டெல்தானே?

அது மட்டும் போதாது. மூலப்பொருள் விலை ஏறினால் எல்லாரும் ஏற்றத்தான் செய்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து விலை வைப்பதும் குற்றமில்லை. பேசிவைத்துக்கொண்டதுதான் குற்றம். பேச்சு நடந்ததற்குத் தடயம் வேண்டும்: தேவை குறையும்போதும் விலை ஏறுவது, டெண்டரில் தோற்றவருக்கே ஜெயித்தவர் துணை ஒப்பந்தம் கொடுப்பது, தொழில் சங்கக் கூட்டம் முடிந்த வாரத்திலேயே எல்லார் கடிதமும் வருவது, இரண்டு விலைப்புள்ளியிலும் ஒரே எழுத்துப் பிழை.

கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் லைசின் கார்ட்டெல் இதற்குப் பாடம். தொழில் சங்கம் என்ற போர்வையில் ஓட்டல் அறைகளில் கூடி, யார் எவ்வளவு டன் விற்பது என்று பிரித்துக்கொண்டார்கள். உள்ளிருந்தே ஒருவர் தகவல் கொடுக்க, கூட்டங்களை எஃப்.பி.ஐ ரகசியமாகப் படம் பிடித்தது. 1996-ல் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. 1998-ல் அதன் முன்னாள் அதிகாரிகள் மூவர் மேல் குற்றம் நிரூபணமானது.

வாங்குபவராக இருந்து சந்தேகம் வந்தால், விலை ஏற்றக் கடிதங்களைத் தேதியோடும் உறையோடும் வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை அன்றைக்கே எழுதி வையுங்கள். விற்பவரைக் கூப்பிட்டு "நீங்கள் பேசிவைத்துக்கொண்டீர்களா" என்று கேட்காதீர்கள். மறுநாளே ஆவணங்கள் காணாமல் போகும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கு கேட்கலாம், காலக்கெடு நாலு வருடம். ஆனால் 1977 தீர்ப்பு ஒன்றின்படி, கார்ட்டெல்காரரிடம் நேரடியாக வாங்கியவர்தான் கேட்கலாம். இடைத்தரகரிடம் வாங்கியவருக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. பல மாநிலங்கள் தம் சட்டத்தில் தனியாக அதைத் திறந்து வைத்திருக்கின்றன.

அடிமாட்டு விலைக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பது?

நிரூபிப்பது மிகக் கடினம். 1993-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து இரண்டைக் காட்ட வேண்டும்: அடக்கவிலைக்கும் கீழே விற்றது; பிறகு விலையை ஏற்றி அந்த நஷ்டத்தை மீட்க வாய்ப்பு இருந்தது. இரண்டாவதில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுகின்றன.

கட்டுப்பாட்டைத் தளர்த்துவதே தப்பு என்கிறீர்களா?

இல்லை. கட்டுப்பாடே ஏகபோகத்தைக் காத்த காலமும் உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம் கட்டணத்தையும் வழித்தடத்தையும் தானே நிர்ணயித்தது. 1938 தொடங்கி நாற்பது வருடத்தில் ஒரு புதிய பெரிய நாடளாவிய நிறுவனத்தைக்கூட உள்ளே விடவில்லை. ஒரே மாநிலத்துக்குள் பறந்த நிறுவனங்கள் அதன் பிடியில் இல்லை. அதே அளவு தூரத்துக்கு அவற்றின் கட்டணம் கணிசமாகக் குறைவு. 1978-ல் சட்டம் மாறியது, கட்டணம் இறங்கியது. விமானப் பாதுகாப்பு விதிகளை யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கோளாறு வேறு இடத்தில் வந்தது. விமான நிறுவன இணைப்பை அனுமதிக்கும் அதிகாரம் சில வருடம் போக்குவரத்துத் துறையிடம் இருந்தது. 1986-ல் நீதித் துறை வேண்டாம் என்று சொல்லியும் நார்த்வெஸ்ட்-ரிபப்ளிக், டிடபிள்யூஏ-ஓசார்க் என்ற இரண்டு இணைப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது. மினியாபொலிஸ், செயின்ட் லூயிஸ் விமான நிலையங்களில் மோதிக்கொண்டிருந்த இரண்டிரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிவிட்டன. விலைக் கட்டுப்பாட்டை எடுத்தால் இணைப்பை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். அவர்கள் இரண்டையும் ஒன்றாகத் தளர்த்திவிட்டார்கள்.

கலிஃபோர்னியா மின்சாரச் சந்தையில் என்னதான் நடந்தது?

1996-ல் சட்டம், 1998-ல் சந்தை திறப்பு. மின் விநியோகக் கம்பெனிகள் தம் அனல் நிலையங்களில் பெரும்பகுதியை விற்றுவிட்டு, அன்றாடச் சந்தையில் வாங்கி விற்க வேண்டும் என்று ஏற்பாடு. மொத்த விலை சந்தையின் கையில். வீட்டு விலை சட்டப்படி உறைந்திருந்தது. நீண்டகால ஒப்பந்தம் போட அநேகமாக வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் அவிழ்த்துவிட்ட மூட்டை.

மின்சாரத்தை அன்றைக்குச் சேமித்து வைக்க வழியில்லை. வீட்டுக்காரருக்கு விலை ஏறியதே தெரியாததால் யாரும் விளக்கை அணைக்கவில்லை. இந்த நிலையில் சிறிய விற்பனையாளரும் ராஜா. ஒரு கணக்கு: தேவை 40,000 மெகாவாட், மொத்தத் திறன் 42,000. ஒருவரிடம் 4,000 இருக்கிறது, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர் ஒதுங்கினால் மிச்சம் 38,000, ஊர் இருட்டாகும். ஆகவே அந்த மணி நேரத்தில் அவர் கேட்டதுதான் விலை. லேர்னட் ஹேண்டின் 33 சதவீதமும், மேலே போட்ட குறியீடும் இங்கே உதவாது. சந்தைப் பங்கைவிட, "இவர் இல்லாமல் சமாளிக்க முடியுமா" என்ற கேள்விதான் எடுபடும்.

2000 கோடையில் விலை எகிறியது. 2001 ஜனவரியில் சுழற்சி மின்வெட்டு. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் நசுங்கிய விநியோகக் கம்பெனி பிஜி அண்ட் இ அந்த ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. ஜூனில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்கு ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுக்க விலை உச்சவரம்பு போட்டது, விலை அடங்கியது. மின்சாரம் வாங்கி விற்ற என்ரான் கம்பெனியின் வர்த்தகர்கள் சந்தை விதிகளின் ஓட்டைகளுக்கு 'டெத் ஸ்டார்', 'ஃபேட் பாய்' என்று செல்லப் பெயர் வைத்து விளையாடியது பின்னால் வெளியானது.

வங்கித் துறையில்?

அங்கே வங்கி மூழ்கினால் போட்டவர் பணத்துக்கு அரசாங்கமே ஜாமீன் நிற்கிறது. அதனால் கதை மாறுகிறது. 1980-ல் அமெரிக்காவில் வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பு 40,000 டாலரிலிருந்து 1,00,000 ஆனது. 1982-ல் வீட்டுக் கடன் சேமிப்பு நிறுவனங்கள் வேறு துறைகளுக்கும் கடன் தரலாம் என்று தளர்த்தினார்கள். வென்றால் லாபம் முதலாளிக்கு, தோற்றால் நஷ்டம் காப்பீட்டு நிதிக்கு. 1986 முதல் 1995 வரை 1,043 நிறுவனங்கள் மூடப்பட்டன. வரி கட்டுபவர் தலையில் விழுந்தது சுமார் 12,400 கோடி டாலர். தளர்த்துவதானால் முதலில் ஜாமீனைத் தளர்த்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆய்வாளரையாவது கூட்டியிருக்க வேண்டும்.

சில தொழிலில் போட்டியே வேண்டாம் என்கிறார்களே?

தண்ணீர்க் குழாய் மாதிரி. 1 கோடி டாலர் செலவில் குழாய் பதித்து 10,000 வீட்டுக்குக் கொடுத்தால் வீட்டுக்கு 1,000 டாலர். இரண்டாவது கம்பெனி பக்கத்திலேயே இன்னொரு குழாய் பதித்து ஆளுக்குப் பாதி வீடு எடுத்தால், வீட்டுக்கு 2,000. இங்கே ஒருவரையே விட்டு விலையைக் கட்டுப்படுத்துவதுதான் மலிவு. ஆனால் குழாய்தான் இயற்கை ஏகபோகம். மீட்டர், பழுது பார்ப்பு, பில் போடுவது எதுவும் அப்படியில்லை. கம்பெனிகள் குழாயைக் காட்டி எல்லாவற்றையும் சேர்த்து வாங்கப் பார்க்கும்.

ஏகபோகத்தை உடைப்பது பலன் தருமா?

எங்கே வெட்டுவது என்பதைப் பொறுத்தது. 1911-ல் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 கம்பெனிகளாக வெட்டினார்கள். பல துண்டுகள் தத்தம் வட்டாரத்தில் வெகுகாலம் தனிக்காட்டு ராஜாவாகவே இருந்தன, பங்குகளும் அதே பழைய கைகளில். 1984-ல் ஏடி அண்ட் டி-யை வெட்டியபோது கோடு வேறு மாதிரி போடப்பட்டது: வீட்டுக்கு வரும் உள்ளூர்க் கம்பி ஏழு வட்டாரக் கம்பெனிகளுக்கு, போட்டி சாத்தியமான வெளியூர் அழைப்பு தனியாக. வெளியூர்க் கட்டணம் இறங்கியது.

மைக்ரோசாஃப்டை இரண்டாக்கச் சொன்ன 2000 தீர்ப்பு, மறு வருடம் மேல்முறையீட்டில் விழுந்தது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவு மட்டும் நின்றது. கூகுள் தேடல் வழக்கிலும் 2024 ஆகஸ்டில் சட்டமீறல் உறுதியானது. தேடலில் தானே முன்னிருப்பாக, அதாவது யாரும் மாற்றாதவரை தானாக வரும் தேடுபொறியாக, இருக்க அது 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது விசாரணையில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் வந்த தீர்வு, கூகுளின் குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை. பிரத்தியேக ஒப்பந்தத்துக்குத் தடை போட்டது, சில தேடல் தரவுகளைப் போட்டியாளருக்குத் தரச் சொன்னது. முன்னிருப்புக்காகப் பணம் கொடுப்பதை முழுக்கத் தடுக்கவும் இல்லை.

ஒரு தளர்வு மசோதா வந்தால் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

எந்த விதி போகிறது என்ற பட்டியலை. விலை, நுழைவு பற்றிய விதி போகிறதென்றால், புதியவர் உள்ளே வர இன்னும் என்ன தடை மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்: விமான நிலையத்தில் நேர ஒதுக்கீடு, மின்கம்பியையோ தொலைபேசிக் கம்பியையோ பயன்படுத்தும் வழி, உரிமம். பாதுகாப்பு, கையில் வைத்திருக்க வேண்டிய முதலீடு, கணக்கு வெளியீடு பற்றிய விதி போகிறதென்றால், விபத்து நடந்தால் காசு யார் கொடுப்பது என்ற பிரிவைத் தேடுங்கள். அந்தப் பிரிவே இல்லாமல் இருந்தால், அல்லது பொறுப்பு ஒரு சின்னத் துணைக் கம்பெனியோடு நின்றுவிட்டால், பத்துக் கம்பெனி, இருபது டாக்சிக் கணக்குதான் அது.